பூட்டோடு திரும்பி வந்த போன்

அன்பு மகள் ஜெனிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டு மறந்துபோகிறாய். அதனால்தான் தபாலாபீஸ் புத்தியோடு பேனாவை எடுத்திருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போனில் பேசுவதற்கே எனக்கு இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. இது உன் கைக்கு வந்து, கடைசி வரி வரைக்கும் நீ படித்து முடிக்கிற வரையில், திருடுபோய்த் திரும்பி வந்த என் போனின் பூட்டை எடுக்காதே. நேற்று அம்மாவிடம், "ஆபீஸ் முடிஞ்சதும் ரிலீஸ் பண்ணிடறேம்மா, அப்பாவ யூஸ் பண்ணச் சொல்லு" என்றாயாம். நான் அவசரமாக வாங்கி, "வேணாம், கொஞ்சம் பொறு" என்றதற்கு, "அதான் கைக்கு வந்துடுச்சேப்பா, இன்னும் எதுக்கு லாக்?" என்று சிரித்தாய். கைக்கு வந்ததால்தான் பொறு என்கிறேன்.

அம்மா உன்னிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனாள். கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே புரோட்டா பார்சல் கட்டுகிற சில்வர் பேப்பரில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தால் என் போன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியதன் பலன் என்று அப்படியே படத்துக்கு முன்னால் முட்டி போட்டுவிட்டாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவருடைய இலாகா என்பது அவள் நம்பிக்கை, அதில் நான் வாயைக் கொடுப்பதில்லை. அவள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கண்ணாடியை யாரோ துடைத்திருந்தார்கள். பேட்டரி முழுவதும் ஏறியிருந்தது. திருடிய பொருள் உதவாது என்று விட்டெறிகிறவன் சார்ஜ் போட்டு, துடைத்து, பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து மாட்ட மாட்டான். இந்த நாட்களில் நடந்ததில் பாதியை உன்னிடமும் அம்மாவிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன். கோபப்படாமல் படி.

இந்தப் பூட்டு எதற்காக வந்தது என்பது உன்னைவிட யாருக்குத் தெரியும். லூர்து சித்தி தென்னூரில் சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, யாரிடமோ "வந்துக்கிட்டே இருக்கோம்" என்று பேசிக்கொண்டு போனாள். பக்கத்தில் பைக்கில் வந்தவன் போனைப் பிடித்து இழுத்தான். போனோடு அவளும் போனாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த போனுக்குப் பூட்டே கிடையாது. "சும்மா சும்மா நம்பரை அமுக்கிக்கிட்டு யாரு கெடக்கறது" என்பாள். போலீஸ் தேடிக் கண்டுபிடித்தபோது அது முசிறிப் பக்கத்து காலேஜ் பையன் ஒருவனிடம் இருந்தது. கடையில் முறையாக விலை கொடுத்து வாங்கியிருந்தான், பாவம். தினமும் பஸ்ஸில் அதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு திருச்சிக்கு வந்து போயிருக்கிறான். சித்தியை அடக்கம் செய்வதற்கு முன்பே அது கைமாறிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நீ என் காதோடு சொன்னது நினைவிருக்கிறதா? "அந்த போன் அவன் கையில வெறும் கல்லா மாறிடும்னா அவன் ஏம்பா இழுக்கப் போறான்?" அழுகையில் வருகிற பேச்சு என்று அன்றைக்கு நினைத்தேன். நீ அதையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு, பெங்களூரில் போனுக்குப் பூட்டு எழுதுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாய். அம்மா இன்னமும் விருந்தாளிகளிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் சொல்கிறாள். எனக்குத்தான் அது என்ன வேலை என்று தெரியும்.

போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது என்னைத் திருடனாக்கினாயே, அந்தக் கூத்தை நான் எப்படி மறப்பேன்? நீ தெருவில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். நான் பின்னால் வந்து பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். "கடன் வாங்குற மாதிரி வாங்காதீங்கப்பா. நெஜமா திருடுங்க" என்று விரட்டினாய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்து எதிர்வீட்டு ஹமீது பாய் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன போஸ்ட் மாஸ்டர் சார், பென்சன் பத்தலையா?" என்று கேட்டார். சும்மா கையிலிருந்து வாங்கினால் போன் ஒன்றும் செய்யவில்லை. வெடுக்கென்று பிடுங்கி ஓடினால் தெருமுனைக்குப் போவதற்குள் தானாகப் பூட்டிக்கொண்டது. பிடுங்குகிற கையின் உதறலை அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்றாய். மற்றதையும் அன்றைக்கே விளக்கினாய். சிம் உள்ளேயே பதிந்திருப்பதால் கழற்றி எறிய முடியாது. அணைப்பதற்கும் நம்பர் கேட்கும். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினாலும் பழைய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்டு அப்படியே நிற்கும். "அப்ப யாருதான் திறக்க முடியும்?" என்று கேட்டேன். "நான் மட்டும்தான். உங்க போன் என் கணக்குல இருக்கு. நீங்கதான் பாஸ்வேர்டை மறந்துடுவீங்களே" என்றாய். சாவி பெங்களூரில் இருக்கிறது, இங்கே என்னை அடித்துக் கேட்டாலும் கிடைக்காது என்று அன்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மூடத்தனம்.

அதே நாளில் ஒரு தப்பும் நடந்தது, அதைச் செய்தவன் நான். பூட்டிய திரையில் தெரிகிற மாதிரி இரண்டு வரி எழுதலாம் என்றாய். தொலைந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்று அம்மாவின் எண்ணை மட்டும் போட்டாய். ஆயுள் முழுக்க ஸ்ரீரங்கம் தபாலாபீசில் உட்கார்ந்து, கிழக்கா மேற்கா என்று எழுதாமல் வெறும் சித்திரை வீதி என்று போட்டு அனுப்புகிற புண்ணியவான்களைத் திட்டியவன் நான். எனக்குப் பொறுக்குமா? "நம்பர் மட்டும் போட்டா எப்படி? கண்டெடுத்தவன் எங்க கொண்டாந்து குடுப்பான்?" என்று சண்டை பிடித்தேன். "இது தபால் இல்லப்பா, போன்" என்றாய். நான் விடவில்லை. என் பெயர், கதவு எண், தெரு, தென்னூர், பின்கோடு வரைக்கும் போட வைத்தேன். நீ தலையில் அடித்துக்கொண்டு எழுதினாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப்பிழை சரிபார்த்தேன்.

பாலத்தில் நடந்தது உனக்கே தெரியும், நீயும் அங்கே இருந்த மாதிரிதான். காவிரியில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது, உனக்குக் காட்ட வேண்டும் என்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். காற்று வாங்க வந்த கூட்டத்தில் பைக் ஒன்று பின்னால் மெதுவானதை நான் கவனிக்கவில்லை. கை காலியானது தெரிந்தபோது பைக் ஸ்ரீரங்கம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. உன் பக்கத்தில் படம் சுழன்று, வானம் தெரிந்து, கறுத்துப்போனது என்றாய். ஆனால் குரல் கொஞ்ச நேரம் கேட்டதாம். "டேய், லாக் ஆயிடுச்சுடா" என்று ஒருவன். "தூக்கிப் போட்டுடாத. அண்ணன்கிட்ட குடுப்போம்" என்று இன்னொருவன். யாரோ ஒருவரின் போனை வாங்கி நான் உன்னைக் கூப்பிட்டபோது நீ முதலில் சொன்ன வார்த்தை "அப்பா, வேலை செஞ்சுது" என்பது. அதற்கப்புறம்தான் "உங்களுக்கு அடி பட்டுச்சா" என்று கேட்டாய். நான் குற்றமாகச் சொல்லவில்லை, மகளே. எனக்கும் அந்த நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. போலீசில் புகார் கொடுத்தபோது எழுதிக்கொண்டவரிடம்கூட அதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த அண்ணன் மறுநாள் கூப்பிட்டான். அம்மாவின் போன் என்னிடம் இருந்தது, அதற்குத்தான் வரும் என்று நானே எடுத்து வைத்துக்கொண்டேன். முரட்டுக் குரலை எதிர்பார்த்தேன். பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் பேசுகிற மாதிரி மரியாதையான குரல்.

"சார் வணக்கம். பாலத்துல ஒரு போன் கெடந்துச்சு. உங்களுதுங்களா?"

"என்னுதுதான். ரொம்ப நன்றி. எங்க வந்து வாங்கிக்கலாம்?"

"அதுக்கு முன்னாடி லாக்கை எடுத்து விட்டுடுங்க சார். உங்களுதுதானான்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல."

"விலாசம் அதுலயே இருக்கு. கொண்டாந்து குடுத்துட்டு ஒரு காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

கொஞ்சம் சிரித்தான். "பாத்தேன் சார். தெளிவா எழுதியிருக்கீங்க. வீடு தெரியும்."

அவ்வளவுதான் பேசினான். நான் போய் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். பட்டப்பகலில் எதற்குப் பூட்டு என்று அம்மா கேட்டாள். நாய் வருகிறது என்றேன்.

அதற்குப் பிறகு வேறு வேறு எண்களிலிருந்து கூப்பிட்டான், குரல் மட்டும் ஒன்றுதான். ஒருநாள் வேறொருவரிடம் விலைக்கு வாங்கி ஏமாந்துபோனதாகச் சொன்னான். இன்னொரு நாள், எந்தப் பூட்டாக இருந்தாலும் எடுக்க ஆள் இருக்கிறது, உங்கள் படங்கள் அழிந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கேட்கிறேன் என்றான். அந்தத் தொனிதான் என்னைக் கிளறிவிட்டது. என் வாய் எப்போதுமே எனக்குச் சத்துரு என்று அம்மா சொல்வாளே, அது அன்றைக்கு நிரூபணமாயிற்று. "எடுத்துப் பாரேன். அந்தப் பூட்டைப் பண்ணினது யாருன்னு நெனைச்சே? எம் பொண்ணு. அவளைத் தவிர எவனாலயும் முடியாது" என்றேன். அவன், வரன் விசாரிக்கிறவர் கேட்பது போல நிதானமாகக் கேட்டான். "அப்படிங்களா? பொண்ணு என்ன படிச்சிருக்காங்க?"

நான் இணைப்பைத் துண்டித்தேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் என் போனைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துவிட்டான். என்னை சார் என்று கூப்பிடுவதையும் நிறுத்தினான். அப்பா என்றான்.

அப்புறம் ஒரு அமாவாசை. அதுவரை உன் மேப்பில் மண்ணச்சநல்லூர் பக்கம் ஒருதரம், உறையூர் பக்கம் ஒருதரம் என்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டிருந்த என் போனின் புள்ளி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அசையாமல் நிற்கிறது என்று படம் அனுப்பினாய். போகாதீங்க, போலீசுக்கு மட்டும் சொல்லுங்க என்றும் எழுதினாய். நான் சொன்னேன், அவர்களும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் நான் வேலை பார்த்த ஊர், எனக்குத் தெரியாத சந்தா என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போய்விட்டேன். தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் படித்துறையிலிருந்து ரோடு வரைக்கும் நின்றது. "நான் வந்துட்டேன், அடி" என்று உனக்குச் சொன்னேன். நீ அங்கிருந்தே என் போனின் மணியை அடித்தாய். ஜெனி, எனக்குச் சத்தம் கேட்டது. கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். தேங்காய்க் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவிலிருந்து என் போன் கத்தியது. ஈர வேட்டிகளை இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். கிட்டே போகப் போகச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. திரும்பினேன். யாரோ எதிலோ வைத்து அமுக்கிய மாதிரி சத்தம் மங்கி நின்றுபோனது. உடனே என் சட்டைப்பையில் அம்மாவின் போன் அடித்தது.

"வெயில்ல ஏம்ப்பா அலையறீங்க? ஆட்டோ வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அம்மா தனியா இருப்பாங்கல்ல."

சுற்றிப் பார்த்தேன். காதில் போனை வைத்தவர்கள்தான் எல்லாரும். ஒருவர் தலையில் எள்ளும் தண்ணீருமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பையன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே பேசினான். கூப்பிட்டவன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எனக்கு அவன் முகம் தெரியாது. போலீஸ்காரர்கள் வந்தபோது நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் தேடினார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் எந்தப் பையை அவிழ்ப்பது? அந்த எண்களெல்லாம் எங்கோ வெளிமாநிலத்தில் யார் யாரோ பெயரில் வாங்கியவை என்று பின்னால் சொன்னார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உன் கல்யாண ஓலை வாசித்தார்கள். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்னாருடைய மகள் ஜெனிபர், இந்தப் பங்கு, திண்டுக்கல் இன்னாருடைய மகனைத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "ஓலை வாசிச்சதைக் கேட்டேன்ப்பா. சந்தோஷம். திண்டுக்கல் நல்ல ஊரு. தங்கச்சி எப்ப வருது?" என்றான். ஊருக்கெல்லாம் நாமே நின்று அறிவிக்க வேண்டும் என்பது நம் வழக்கம், அதில் தவறில்லை. கதவு எல்லாருக்கும் திறந்திருப்பதுதான் கோயில். ஆனால் அன்று காலைப் பூசையில் சமாதானம் சொல்கிற நேரம் வந்ததும் நான் வழக்கம்போலத் திரும்பி, பின்வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கையைக் கூப்பித் தலை வணங்கினேன். அவர்களும் சிரித்து வணங்கினார்கள். அதில் அவனுடையது எந்தச் சிரிப்பு என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். கேட்டில் பை தொங்கியது, அம்மா முட்டி போட்டாள் என்றேன் அல்லவா? அவள் உனக்குச் சந்தோஷ சமாச்சாரம் சொல்லி முடித்துச் சமையலுக்குப் போனதும் அவன் கூப்பிட்டான்.

"வந்துச்சாப்பா? கல்யாண வீட்டுக்கு எங்க மொய்யின்னு வச்சுக்கங்க."

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். தங்கச்சியை லாக்கை எடுத்து விடச் சொல்லுங்க. நீங்களும் எத்தனை நாளைக்கு அம்மா போனை வச்சுக்கிட்டு அலைவீங்க? எங்ககிட்ட இன்னும் கொஞ்சம் போன் கெடக்குப்பா. எல்லாம் கல்லு. பசங்க வேற தொழிலுக்குப் போறேங்கறானுங்க. கல்யாணத்துக்கு வர்றப்ப தங்கச்சி ஒரு தடவை உக்காந்து பாத்துடுச்சுன்னா போதும்."

நான் கெஞ்சினேன், ஜெனி. ஒவ்வொரு போனையும் அதன் சொந்தக்காரரால்தான் திறக்க முடியும், செய்தவளால்கூட முடியாது, என்னுடையது அவள் கணக்கில் இருப்பதால்தான் அவள் கையில் இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பண்ணினவங்களுக்குத் தெரியாம இருக்குமாப்பா? உங்களுதை எடுத்துட்டாங்கன்னா எங்களுக்குத் தெரிஞ்சுடும்ல" என்றான். வைக்கும்போது சாப்பிட்டீங்களா என்று வேறு கேட்டான்.

புரிகிறதா? அந்த போனை அவன் எனக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. உனக்குப் பரீட்சை வைத்திருக்கிறான். உன்னால் மற்றதைத் திறக்க முடியாது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் நம்ப மாட்டான், ஏனென்றால் நான்தான் அவளால் மட்டும் முடியும் என்று மார்தட்டியிருக்கிறேன். இந்த ஒன்று திறந்து, நான் அதைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால் போதும். மகள் அப்பாவுக்காகத் திறந்தாள், அப்படியானால் அப்பாவுக்காக எல்லாவற்றையும் திறப்பாள் என்று கணக்குப் போடுவான். திறக்காவிட்டால், இந்தப் பெண் சொந்த அப்பாவின் போனையே திறக்கவில்லை, இவளிடம் சாவி இல்லை என்று ஒருநாள் விட்டுவிடலாம். விடாமலும் போகலாம். ஆனால் திறந்தால் நிச்சயம் விட மாட்டான். ஒன்றை மட்டும் கவனி. "எல்லாம் கல்லு, பசங்க வேற தொழிலுக்குப் போறேங்கறானுங்க" என்று அவனே அலுத்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்தில் நீ கேட்டது நடந்திருக்கிறது. பைக்கில் போகிற அந்தப் பையன்களுக்குக் கை தளர்ந்திருக்கிறது. அவன் மூட்டையில் ஒரே ஒரு கல் மறுபடி போனாக மாறிவிட்டால் அவர்கள் மறுபடி ரோட்டுக்கு வருவார்கள், ஏதோ ஒரு வண்டியில் ஏதோ ஒருத்தி பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு போவாள். உன் பூட்டு நம் வீட்டுக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை, நிம்மதியைத்தான் கெடுத்திருக்கிறது. ஆனால் அது முகம் தெரியாத யார் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு விலையை நாம் கொடுக்கிறோம். எனக்கு அதில் வருத்தமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. இரண்டையும் மறைக்கவில்லை.

நான் செய்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வருகிற ஞாயிறுகளில் வாசிக்க வேண்டிய மீதி ஓலைகளை இங்கே வாசிக்காமலிருக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கல்யாணத்தைத் திண்டுக்கல்லில் மாப்பிள்ளையின் கோயிலிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று சம்பந்தியிடம் பேசிவிட்டேன். ஊர்ப் பெயர் அவன் காதில் விழுந்துவிட்டது, ஆனாலும் இந்த வாசலைப் போல அந்த வாசல் அவனுக்குத் தெரியாது. சம்பந்தி காரணம் கேட்கவில்லை, நல்ல மனுஷர். அம்மாவிடம் இங்கே மண்டபம் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. நீ திருச்சியில் இறங்காதே. பெங்களூரிலிருந்து நேராகத் திண்டுக்கல் போ. மாப்பிள்ளையிடம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல். புருஷன் பெண்டாட்டிக்குள் நல்ல சேதியை மட்டும் பேசிக்கொள்கிற பழக்கத்தை ஆரம்பித்துவிடாதே, நானும் அம்மாவும் அதைச் செய்து செய்துதான் இப்போது ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதையோடு உட்கார்ந்திருக்கிறோம். உன் ஆபீசிலும் சொல். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் அம்மா சொல்கிறபடி கம்ப்யூட்டர் வேலை என்று சொல். அம்மாதான் எங்கள் இருவரில் புத்திசாலி. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு, போனை அதே சில்வர் பேப்பரோடு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவன் விரல் பட்ட பேப்பர் அவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். உனக்கு ஒரு போன் வரலாம். என் குரலாக இருக்கும். போலிக் குரல் என்று நினைத்து ஏமாறாதே, நானே பேசுவேன். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நான் அழலாம், "திறந்து விட்டுடும்மா, அப்பாவால முடியலை" என்று சொல்லலாம். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது, ஜெனி. அடி தாங்குகிற உடம்பும் கிடையாது. கேட்டதையெல்லாம் சொல்லிவிடுவேன். அப்போது நான் பேசுவதைக் கேட்காதே. இப்போது, பகல் வெளிச்சத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, யாரும் பக்கத்தில் நிற்காமல் எழுதுகிற இந்த அப்பா சொல்வதைத்தான் நீ கேட்க வேண்டும். என்னை வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் திறக்காதே.

அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ரொம்ப நேரமாகப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் உள்ளே உன் கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு எழுத வரவில்லை, மகளே.

அப்பா